நாற்காலி வாங்குவதற்கு முன் இஞ்சு டேப்பை எடுங்கள்

வீட்டிலிருந்து வேலை என்று முடிவானதும் எல்லோரும் முதலில் தேடுவது நாற்காலியைத்தான். பத்து, பதினைந்தாயிரம் கொடுத்து ரிவால்விங் சேர் வாங்கி டைனிங் டேபிள் முன்னால் போடுகிறார்கள். ஒரே மாதத்தில் கழுத்து பிடித்துக்கொள்கிறது, பழி சேர்மேல் விழுகிறது. பல வீடுகளில் கோளாறு மேசையில்தான்.

கடையில் வரும் மேசைகள் ஏறக்குறைய 30 அங்குல உயரம். ஐந்தடி ஒரு அங்குலம் உள்ள ஒரு பெண், பாதம் தரையில் பதிய உட்கார்ந்து கையை மடக்கினால் முழங்கை 24, 25 அங்குலத்தில் நிற்கும். மீதி ஐந்து அங்குலத்துக்குத் தோளைத் தூக்கிப் பிடித்தபடியே எட்டு மணி நேரம் தட்டச்சு செய்தால் வலிக்காமல் என்ன செய்யும்? அந்த வலியைப் பார்த்து “உடம்பில் சத்து இல்லை” என்று வீட்டில் சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. சத்துக் குறைவு என்பதற்கு முன்னால் மேசையை ஒருமுறை அளந்து பாருங்கள்.

வழி இரண்டு. மரமேசை என்றால் தச்சரிடம் சொல்லிக் காலை அறுத்துவிடலாம். அறுக்க மனமில்லையா, சேரை முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்வரை ஏற்றுங்கள். இப்போது பாதம் அந்தரத்தில் தொங்கும், தொடையின் அடிப்பகுதி அழுந்தி கால் மரத்துப்போகும். அதற்கு இரண்டு செங்கல் போதும். பக்கவாட்டில் நிறுத்தினால் நாலரை அங்குலம்; மேலே முக்கால் அங்குலப் பலகை ஒன்று. பாதம் முழுதாகப் பதியும்.

இரண்டு வழியிலும் இடறுகிற இடம் ஒன்று உண்டு: மேசைக்கு அடியில் இருக்கும் சட்டமும் இழுப்பறையும். இருக்கைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஆறு அங்குலமாவது இல்லையென்றால் தொடை இடிக்கும். புதிதாக வாங்குபவர்கள் இழுப்பறை இல்லாத, வெறும் பலகை மேசையாகப் பாருங்கள். விலையும் குறைவு.

லேப்டாப்பில் திரையும் விசைப்பலகையும் ஒன்றாக ஒட்டியிருப்பதால் கைக்குச் சரியாக வைத்தால் கழுத்து குனியும், கழுத்துக்குச் சரியாக வைத்தால் கை தூக்கும். லேப்டாப்பை ஆறேழு அங்குலம் உயர்த்தி வைத்து, தனி கீபோர்டு, மவுஸ் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. உயர்த்துவதற்குப் பழைய டெலிபோன் டைரக்டரி, தடிப் புத்தகம், எதுவானாலும் சரி.

அடுத்தது கரண்ட். இன்வர்ட்டர் இல்லாத வீட்டில் லேப்டாப் பேட்டரி தாங்கும், ரௌட்டர் தாங்காது. கரண்ட் போனாலும் ரௌட்டரை ஓட்டும் சின்ன பேட்டரிப் பெட்டி, அதாவது 12 வோல்ட் மினி யூபிஎஸ் போடுங்கள். பெட்டியில் 8800 எம்ஏஎச் என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 8800 எம்ஏஎச் என்பது 8.8 ஆம்பியர் அவர்; அதை 3.7-ஆல் பெருக்கினால் சுமார் 32 வாட் அவர், அதாவது 32 வாட்டை ஒரு மணி நேரம் கொடுக்கும் அளவு. 10 வாட் இழுக்கும் ரௌட்டருக்கு, வீணாவது போக இரண்டரை, மூன்று மணி நேரம் வரும். ஃபைபர் பெட்டியும் ரௌட்டரும் தனித்தனி என்றால் இரண்டுக்கும் லைன் கொடுக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் நெட் வராது. இன்வர்ட்டர் இருந்தும் டெஸ்க்டாப் ரீஸ்டார்ட் ஆகிறதா? இன்வர்ட்டரின் பின்னால் உள்ள சுவிட்சை, கரண்ட் போனதும் சட்டென்று பேட்டரிக்கு மாறும் யூபிஎஸ் மோடுக்கு மாற்றுங்கள். ஆனால் லோ வோல்டேஜ் பகுதியில் அந்த மோடில் அடிக்கடி பேட்டரிக்குத் தாவும், அதையும் கவனியுங்கள்.

லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் சுருசுருவென்று இருந்தால் அதை அலட்சியமாக விடாதீர்கள். வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்.

ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் வெளிச்சம் அடிக்கும், எதிரே இருந்தால் கண் கூசும். ட்யூப்லைட்டுக்கும் மேசைக்கும் நடுவே ஃபேன் இறக்கை சுற்றினால் மேசைமேல் நிழல் துடித்துக்கொண்டே இருக்கும். மேசையை இரண்டடி நகர்த்தினாலே போதும்.

இதெல்லாம் முடிந்தபின் சேர் வாங்கக் கடைக்குப் போங்கள், டேப்பும் கையோடு. முதுகு சாய்வில் ஒட்ட உட்கார்ந்தால் முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். கைப்பிடி உங்கள் மேசைக்கு அடியில் நுழையும் உயரமா என்றும் அளந்துவிடுங்கள்.