முதல் பிசிக்கு ஏர் கூலரே போடுங்கள்

முதல் தடவை பிசி அசெம்பிள் செய்கிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: சிபியுவைக் குளிர்விக்க ஏர் கூலர் போதுமா, வாட்டர் கூலிங் போடணுமா? ஏர் கூலர் போதும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தண்ணீர் என்றதும் அது சூட்டை அப்படியே விழுங்கிவிடும் என்ற நினைப்பு பலருக்கு இருக்கிறது. அது சூட்டைச் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்கிவைக்கிறது, அவ்வளவுதான். அங்கேயும் அதைக் காற்றில் தள்ளுவது ஃபேன்தான். ஏர் கூலரில் அந்தச் சுமக்கும் வேலை செம்பு ஹீட் பைப்புகளுடையது; உள்ளே இருக்கும் துளித் திரவம் சிபியு பக்கம் ஆவியாகி, தகடுகள் பக்கம் போய்க் குளிர்ந்து திரும்பி வந்துகொண்டே இருக்கும், அதற்கு மோட்டாரே வேண்டாம். இரண்டில் எதைப் போட்டாலும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே சிபியு இறங்காது.

சரி, எவ்வளவு சூடு என்று பாருங்கள். ரைசன் 5 7600 என்ற சிபியு அதிகபட்சம் 88 வாட் எடுக்கும், பெட்டியிலேயே ஒரு கூலரும் வருகிறது. ரைசன் 7 7800எக்ஸ்3டி-க்கு டிடிபி (கூலர் சமாளிக்க வேண்டிய சூட்டுக்குக் கம்பெனி தரும் கணக்கு) 120 வாட் என்று போட்டிருந்தாலும் கேம் ஆடும்போது அது அவ்வளவு தொடுவதே இல்லை. ஆறு ஹீட் பைப், இரண்டு ஃபேன் உள்ள டவர் கூலர் (கோபுரம் மாதிரி உயரமான ஏர் கூலர்) இதையெல்லாம் அலட்டிக்கொள்ளாமல் சமாளிக்கும். கோர் ஐ9 14900கே மாதிரி 253 வாட் வரை போகிற சிப்பில் மணிக்கணக்காக ரெண்டர் ஓட்டுகிறீர்களா, அப்போது 360 எம்எம் ரேடியேட்டர் உள்ள வாட்டர் கூலிங் நியாயம். முதல் பிசியில் எத்தனை பேர் அதைச் செய்கிறோம்?

என் பழைய மெஷினில் 240 எம்எம் ஏஐஓ (பம்ப், குழாய், ரேடியேட்டர் எல்லாம் ஒரே செட்டாக வரும் வாட்டர் கூலர்) இருந்தது. நாலாவது வருஷம் ஒரு நாள் பம்ப் நின்றுவிட்டது. பயாஸ் திரையில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் செட்டிங்ஸ் திரை) சும்மா உட்கார்ந்து பார்க்கிறேன், சிபியு சூடு 60, 75, 90 டிகிரி என்று ஏறிக்கொண்டே போய்த் தானாக ஆஃப் ஆகிறது. ரேடியேட்டர் ஃபேன்கள் பாட்டுக்குச் சுற்றுகின்றன. கையை வைத்தால் பம்ப் பக்கம் சுடுகிறது, ரேடியேட்டரோ சில்லென்று இருக்கிறது. பம்பை மட்டும் மாற்ற வழியில்லை, முழு செட்டையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. ஏர் கூலரில் ஃபேன் போனால் கம்பிக் கிளிப்பைக் கழற்றி வேறொரு 120 எம்எம் ஃபேனை மாட்டினால் வேலை முடிந்தது.

ஏஐஓ-வில் நல்லதே இல்லை என்று சொல்லவில்லை. ரேம் ஸ்லாட்டை மறைக்காது, மதர்போர்டில் கனமான டவர் தொங்காது, அடிக்கடி பிசியைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். பார்க்கவும் அழகுதான். அழகுக்காகவே வேண்டும் என்றால் தாராளமாகப் போடுங்கள், பம்ப் மட்டும் ரேடியேட்டரைவிட உயரத்தில் வந்துவிடக் கூடாது. உள்ளே இருக்கும் காற்று எப்போதும் மேலே போய்த் தங்கும், அது பம்பில் தங்கினால் சத்தமும் வரும், ஆயுளும் குறையும்.

ஏர் கூலர் வாங்கும் முன் உயரத்தைக் கட்டாயம் பாருங்கள். நாக்டுவா என்எச்-டி15 என்ற டவர் கூலரின் உயரம் 165 மில்லிமீட்டர். உங்கள் கேபினெட் 160தான் தாங்கும் என்றால் பக்கவாட்டுக் கதவு மூடாது. மிச்சமாகும் பணத்தில் முன்பக்கம் வலை வைத்த, காற்று நன்றாக உள்ளே வரும் கேபினெட்டாக எடுங்கள். அப்புறம், கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டு மாட்டுங்கள். மெல்லிசாக இருப்பதால் அது கண்ணுக்கே தெரியாது, விரல் நகத்தால் ஓரத்தைக் கீறிப் பார்த்தால்தான் தெரியும்.