ஜீன் முத்துசாமி அன்றே சொன்னார்

அமெரிக்க ஓபன் டென்னிஸ் நடக்கும் இரண்டு வாரமும் 'ஆர்தர் ஆஷ் அரங்கம்' என்ற பெயர் காதில் விழுந்துகொண்டே இருக்கும். இருபத்து மூவாயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய அரங்கம். அந்தப் பெயருக்கு உரியவரைப் பற்றி வர்ணனையாளர்கள் சொல்வதோ ஒன்றிரண்டு வாக்கியம்: அமெரிக்க, ஆஸ்திரேலிய, விம்பிள்டன் ஒற்றையர் பட்டங்களை வென்ற ஒரே கறுப்பின ஆண், பண்பாளர், எய்ட்ஸ் நோயால் இறந்தவர். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இவரை எப்படி நினைவில் வைப்பது என்று அவர் பிறந்த ஊரே பிளவுபட்டு நின்ற கதையைப் படித்த பிறகு, இந்த வாக்கியங்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

ஊர் ரிச்மண்ட், வர்ஜீனியா மாநிலத்தின் தலைநகர். உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்க நின்ற தென் மாநிலக் கூட்டமைப்புக்கும் அதுதான் தலைநகர். ஆஷ் 1943 ஜூலை 10 அன்று அங்கே பிறந்தார். கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கப்பட்ட ஒரு பூங்காவைப் பராமரிக்கும் வேலை அவருடைய அப்பாவுக்கு. வீடும் பூங்காவுக்குள்ளேயே. வாசலில் இறங்கினால் டென்னிஸ் களம். அந்த வசதியால்தான் சிறுவன் கையில் ராக்கெட் வந்தது. ஊரின் நல்ல களங்கள் இருந்த பேர்ட் பூங்காவில் வெள்ளையர் மட்டும்தான் ஆடலாம். பள்ளிப் படிப்பின் கடைசி ஆண்டில், ஆட்டம் முன்னேற வேண்டுமென்றால் ஊரைவிட்டே போக வேண்டும் என்ற நிலை வந்து, செயின்ட் லூயிஸுக்குப் போனார்.

1993 பிப்ரவரி 6 அன்று அவர் இறந்தபோது அதே ஊர் அவர் உடலை ஆளுநர் மாளிகையில் வைத்து அஞ்சலி செலுத்தியது. அதற்கு முன் அந்த மாளிகையில் அப்படிக் கிடத்தப்பட்டவர் கூட்டமைப்பின் படைத் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சன், 1863இல்.

சண்டை அதன் பிறகுதான் தொடங்கியது. பால் டிபாஸ்குவாலே என்ற சிற்பி ஆஷுக்கு வெண்கலச் சிலை ஒன்றை வடித்தார். அதை எங்கே நிறுத்துவது? மான்யுமென்ட் அவென்யூ என்றது ஒரு தரப்பு. லீ, ஜாக்சன், ஸ்டூவர்ட், டேவிஸ், மவுரி என்று கூட்டமைப்பின் நாயகர்கள் வரிசையாக நின்ற வீதி அது. அந்த வரிசையில் ஒரு கறுப்பர் நின்றால் ஊரின் வரலாறே திரும்பும் என்றார்கள். அந்த மாநிலத்தின் முதல் கறுப்பின ஆளுநராக இருந்த டக்ளஸ் வைல்டரும் இந்தப் பக்கம்தான். எங்கள் வீரர்களின் வீதியில் டென்னிஸ்காரருக்கு என்ன வேலை என்று ஒரு கூட்டம் கொதித்தது. அடிமைத்தனத்துக்காகப் போரிட்டவர்களுக்கு நடுவில் எங்கள் ஆளைக் கொண்டுபோய் நிறுத்துவதா என்று கறுப்பின மக்களிலேயே சிலர் மறுத்தார்கள். சிலையே நன்றாக இல்லை, போட்டி வைத்து நல்ல சிற்பியைத் தேர்ந்தெடுங்கள் என்றார்கள் கலை ஆர்வலர்கள். 1995 ஜூலையில் நகர மன்றம் அந்த வீதிக்கே ஒப்புதல் கொடுத்தது.

இத்தனை குரல்களுக்கு நடுவில் என்னை நிறுத்தியது ஆஷின் மனைவியின் குரல். அவர் பெயர் ஜீன் மூட்டுசாமி-ஆஷ். பிரெஞ்சு எழுத்துக்கூட்டலை உதறிவிட்டுப் படித்தால் நம் முத்துசாமி. கரும்புத் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்த குவாதலூப் தீவு வழியாக வந்த குடும்பம். ஜீன் சிகாகோவில் வளர்ந்த புகைப்படக் கலைஞர். 1976இல் ஒரு டென்னிஸ் நிகழ்ச்சியைப் படமெடுக்கப் போன இடத்தில் ஆஷைச் சந்தித்தார். அடுத்த ஆண்டே திருமணம். பெற்றோரில் ஒருவர் கேமராவோடு வாழ்ந்ததால் மகளுக்கு வைத்த பெயரும் கேமரா.

1996இன் தொடக்கத்தில் ரிச்மண்ட் நாளிதழில் ஜீன் எழுதினார்: மான்யுமென்ட் அவென்யூவில் வைக்கும் சிலை ஆர்தரைவிட ரிச்மண்டுக்குத்தான் அதிகப் பெருமை சேர்க்கும் என்பது அதன் சாரம். கறுப்பின விளையாட்டு வீரர்களுக்காக ரிச்மண்டில் ஓர் அருங்காட்சியகம் அமைய வேண்டும் என்பது ஆஷின் ஆசை. அந்த வீரர்களின் வரலாற்றை மூன்று பெரிய தொகுதிகளாக எழுதி 1988இல் வெளியிட்டவர் அவர். சிலை அந்த அருங்காட்சியகத்தின் முன்னால் நிற்கட்டும் என்றார் ஜீன். ஊர் கேட்கவில்லை. ஆஷ் பிறந்த நாளான ஜூலை 10 அன்று, 1996இல், சிலை அதே வீதியில் திறக்கப்பட்டது. அருங்காட்சியகம் கடைசிவரை எழும்பவே இல்லை.

சிலையின் படங்களை நெடுநேரம் பார்த்திருக்கிறேன். ஆஷ் விளையாட்டு உடையில் நிற்கிறார். ஒரு கையில் புத்தகங்கள், மறு கையில் ராக்கெட். புத்தகங்கள் ராக்கெட்டைவிட உயரத்தில். சுற்றிலும் நான்கு குழந்தைகள் அண்ணாந்து கை நீட்டுகிறார்கள். புத்தகத்தைக் குழந்தைகளுக்கு எட்டாமல் தூக்கிப் பிடித்திருப்பதுபோல் இருக்கிறதே என்று அன்றே சிலர் குறை சொன்னார்கள். எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. என் மனத்தாங்கல் வேறு. அந்தக் குழந்தைகளின் வயதில் இந்த மனிதரை இதே ஊர் எந்தக் களத்து வாசலில் தடுத்தது என்பது அந்த வெண்கலத்தில் எங்கே இருக்கிறது? வெறும் ஆசிரியராக, சாந்தமூர்த்தியாக அவரை நிறுத்திவிட்டால் ஊர் வெட்கப்பட வேண்டிய பகுதி காணாமல் போய்விடுகிறது.

நியூயார்க்கில், அவர் பெயர் தாங்கிய அரங்கத்தின் அருகே 2000இல் எரிக் ஃபிஷ்லின் சிற்பம் ஒன்றை வைத்தார்கள். பந்தை அடிக்க உடலை வளைத்து நிற்கும் ஆடையற்ற மனித உருவம். ஆஷின் முகச்சாயல் கிடையாது. அதற்கும் சர்ச்சை எழுந்தது. ஒன்றில் மனிதர் இருக்கிறார், போராட்டம் இல்லை. மற்றதில் விசை இருக்கிறது, மனிதர் இல்லை.

அவரை மென்மையானவர் என்று மட்டும் சொல்பவர்களிடம் நான் இதைத்தான் கேட்பேன்: கைதான ஆஷை என்ன செய்யப் போகிறீர்கள்? தென்னாப்பிரிக்க அரசு விசா மறுத்து மறுத்துக் கடைசியில் 1973இல் அனுமதித்தபோது அங்கே போய் ஆடினார். நிறவெறி அரசுக்கு நற்சான்று கொடுக்கிறாயா என்று தம் மக்களிடமே வசை வாங்கினார். பின்னாளில் விளையாட்டுப் புறக்கணிப்பை ஆதரித்தார். 1985இல் வாஷிங்டனில் அந்நாட்டுத் தூதரகத்தின் முன் கைதானார். 1992 செப்டம்பரில், நோய் உடலை உருக்கியிருந்த நாளிலும், ஹைட்டி அகதிகளுக்காக வெள்ளை மாளிகை முன் நின்று மீண்டும் கைதானார். ஐந்து மாதத்தில் இறந்துபோனார். தடுமாறி, திட்டு வாங்கி, கருத்தை மாற்றிக்கொண்டு, மறுபடி தெருவில் இறங்கிய அந்த மனிதர் எனக்கு விம்பிள்டன் கோப்பையோடு நிற்பவரைவிட நெருக்கமானவர்.

அதே 1992இன் ஏப்ரல் 8ஆம் தேதியையும் யாராவது சொல்லியாக வேண்டும். இதய அறுவைச் சிகிச்சையின்போது ஏற்றிய ரத்தத்தால் வந்த நோயை நெருங்கியவர்கள் மட்டும் அறிய வைத்திருந்தார். ஒரு நாளிதழ் துருவத் தொடங்கியதால், நிருபர்கள் முன் தாமே வந்து சொல்ல வேண்டியதாயிற்று. ஐந்து வயது மகளைப் பற்றிய வரிகள் வந்தபோது அவருக்குக் குரல் எழவில்லை. ஜீன்தான் பக்கத்தில் வந்து நின்று தாளை வாங்கி மேற்கொண்டு படித்தார். அந்த நோய்க் காலத்தில் தந்தையையும் மகளையும் ஜீன் எடுத்த படங்கள் 1993இல் குழந்தைகளுக்கான புத்தகமாக வந்தன. என்னைக் கேட்டால் ஆஷுக்கு எழுப்பப்பட்ட நினைவுச்சின்னங்களில் நேர்மையானது அதுதான்.

2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் பிடியில் கொல்லப்பட்ட பிறகு அந்த வீதியில் டேவிஸ், ஜாக்சன், மவுரி, ஸ்டூவர்ட் சிலைகள் வீழ்ந்தன. 2021 செப்டம்பரில் லீயும் இறக்கப்பட்டார். ஆஷ் மட்டும் நிற்கிறார். வென்றது அவர்தான் என்று பலர் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சி எனக்கும் புரிகிறது. ஆனால் அவர் அந்த வீதிக்குக் கேட்டுப் போகவில்லை.

அவர் புதைக்கப்பட்டிருப்பது ரிச்மண்டின் உட்லேண்ட் கல்லறைத் தோட்டத்தில், அவருக்கு ஆறு வயதாக இருந்தபோது இறந்த தாயின் பக்கத்தில். 1917இல் கறுப்பின மக்களுக்காக ஒரு கறுப்பினப் பத்திரிகை ஆசிரியர் உருவாக்கிய தோட்டம் அது. அவென்யூவில் வெண்கலச் சிலை பளபளத்த ஆண்டுகளில் அங்கே பல கல்லறைகள் புதர் மண்டி, பெயர்கூடத் தெரியாமல் கிடந்தன.