டெல்லி கணேஷுக்கு இரண்டு வரி போதாது

சமீபத்தில் மறைந்த கலைஞர்களைப் பற்றிய கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் டெல்லி கணேஷை 'குணச்சித்திர நடிகர்' என்று இரண்டு வரியில் முடித்துவிட்டீர்களே, அதுதான் மனசு ஆறவில்லை.

வல்லநாட்டில் பிறந்தவர். பத்து வருஷம் விமானப்படையில் வேலை பார்த்தவர். டெல்லியில் நாடகம் போட்டதால்தான் பெயரோடு அந்த ஊரும் ஒட்டிக்கொண்டது. பாலசந்தரின் 'பட்டினப் பிரவேச'த்தில் தொடங்கி நானூறு படங்களுக்கு மேல்.

'சிந்து பைரவி'யை மறுபடி பாருங்கள். குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வரும் மிருதங்கக்காரர் அவர். மேடையில் அவரை வாசிக்க விடாமல் தடுத்துவிடுவார் சிவகுமார். அந்த இடத்தில் அவர் முகத்தில் வரும் கூச்சத்தையும் வலியையும் பார்த்தால் நமக்கே தலை குனியும். அதே மனிதர் 'அபூர்வ சகோதரர்க'ளில் வில்லன். அப்புறம் 'மைக்கேல் மதன காமராஜ'னில் பாலக்காட்டு மணி ஐயர்! சாம்பாரில் மீன் விழுந்த கல்யாணப் பந்தியில் அவர் படும் பாட்டை எங்கள் வீட்டில் எத்தனை முறை பார்த்திருப்போம் என்று கணக்கே இல்லை. என் அப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

2024 நவம்பர் 9 அன்று, 80 வயதில் போய்விட்டார். அன்று இரவும் நாங்கள் அந்தப் பந்திக் காட்சியைத்தான் போட்டுப் பார்த்தோம். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.