சி.ஏ. படிக்கிறவர்களே, வீடியோவை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுங்கள்

சி.ஏ. (சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்) படிக்கும் பிள்ளைகளிடம் பேசினால் தினமும் எத்தனை மணி நேரம் படிக்கிறோம் என்பதை உடனே சொல்லிவிடுவார்கள். மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒரு முழுத் தாளை எப்போது எழுதிப் பார்த்தாய் என்று கேட்டால்தான் பதில் வராது. என்னிடம் ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு, அதாவது ஆடிட்டர் ஆபீஸில் எடுக்கவேண்டிய கட்டாயப் பயிற்சிக்கு, வருகிறவர்களிடம் நான் பார்ப்பது இதைத்தான். பாடம் தெரிகிறது, விடை எழுதத் தெரியவில்லை.

ஆடிட் தாளில் இப்படி ஒரு கேள்வி வருகிறது என்று வையுங்கள். ஆடிட்டரின் மனைவி, கிளையன்ட் கம்பெனியில் 90,000 ரூபாய் முகமதிப்புள்ள பங்குகள் வைத்திருக்கிறார். அந்த ஆடிட்டர் அந்தக் கம்பெனிக்கு ஆடிட்டராக இருக்கலாமா? "இருக்கலாம், 1 லட்சத்துக்குள்தானே" என்று எல்லாருமே சரியாகச் சொல்வார்கள். ஆனால் அந்த ஒரு வரியை எழுதினால் மதிப்பெண் அதற்கு ஏற்ற அளவுதான். 2013 கம்பெனிச் சட்டத்தின் 141வது பிரிவு என்ன சொல்கிறது, உறவினருக்கு விதிகள் தரும் வரம்பு என்ன, கேள்வியில் உள்ள தொகை எவ்வளவு, ஆகவே முடிவு என்ன என்று வரிசையாக வரவேண்டும். தேர்வை நடத்தும் சி.ஏ. இன்ஸ்டிடியூட் இலவசமாகவே போடும் சஜஸ்டட் ஆன்சரை (மாதிரி விடைகளை) பாருங்கள், விடைகள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் போகும். பல ஆயிரம் கொடுத்து வகுப்பு வாங்குகிறவர்கள் இதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை, அது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். நம் ஊர்ப் பிள்ளைகள் அக்கவுண்ட்ஸில் 70 எடுத்துவிட்டு, சட்டத்திலும் ஆடிட்டிலும் 36, 38 என்று நிற்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. புத்தி குறைவா? இல்லை. அந்த ஆங்கில வாக்கியம் கைக்குப் பழகவில்லை, அவ்வளவுதான். பழக்க ஒரே வழி, தினம் இரண்டு விடையாவது கையால் எழுதுவது.

ஒவ்வொரு தாளிலும் 100க்கு 40, மூன்று தாள் சேர்ந்த ஒரு குரூப்பில் மொத்தம் 150 எடுத்தால்தான் பாஸ் என்ற விதியும் இதையேதான் கேட்கிறது. பிடித்த பாடத்தில் 80 எடுத்தாலும் பிடிக்காததில் 39 வந்தால் குரூப் போச்சு. (60 அல்லது அதற்கு மேல் எடுத்த தாளுக்கு எக்ஸெம்ப்ஷன் கிடைக்கும், அதாவது அடுத்த முறை அதைத் திரும்ப எழுத வேண்டாம், அது ஓர் ஆறுதல்.) இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதினால் ஒரு லாபம் உண்டு. முதல் குரூப்பில் 140, இரண்டாவதில் 165 என்றாலும், எல்லாத் தாளிலும் 40 இருந்தால் மொத்தம் 305, பாஸ். அதனால் தயாரிப்பு இருக்கிறவர்கள் சேர்த்தே எழுதுங்கள் என்பேன். பாதி பாடத்தைத் தொடாமல் "செட் ஆஃப் ஆகிடும் சார்", அதாவது ஒரு குரூப்பின் குறையை இன்னொன்று ஈடுகட்டிவிடும், என்று சொல்கிறவர்களுக்கு இது பொருந்தாது.

புதிய திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் 2 வருடம், முடித்து 6 மாதம் கழித்துத்தான் கடைசிக் கட்டத் தேர்வான ஃபைனல். அந்த ஆறு மாதமும் ஆபீஸ் கிடையாது. அதில் பழைய வீடியோவையே மூன்றாவது முறை இரட்டை வேகத்தில் ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். இன்ஸ்டிடியூட்டின் பாடப் புத்தகமான மாட்யூலை முடியுங்கள், ஆர்டிபி (ரிவிஷன் டெஸ்ட் பேப்பர்) போடுங்கள், அப்புறம் மாக் டெஸ்ட் தாளைக் கடிகாரம் வைத்து எழுதுங்கள். திருத்த ஆள் இல்லையென்றால் கூடப் படிக்கிற நண்பரிடம் கொடுங்கள். அவர் உங்களைவிடக் கறாராகவே திருத்துவார்.