சட்டப்படி சம்பளம் கொடுத்ததால் மூடிய கடை எது?

குறைந்தபட்சக் கூலியை உயர்த்த வேண்டும் என்று பேச்செடுத்தாலே காரைக்குடிக் கடைத்தெருவில் ஒரே பதில்தான் வரும்: "கூலிய ஏத்துனா கடையப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்." சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. கோயில் திருப்பணிக்கு அள்ளிக் கொடுப்பவர்கள், கடைப் பையனின் தங்கை கல்யாணத்துக்கு நகை எடுத்துக் கொடுத்தவர்கள். உண்மையிலேயே பயந்துதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பயத்துக்குக் கணக்கில் ஆதாரம் இல்லை.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் ஜவுளிக் கடை, பாத்திரக் கடை, பலகாரக் கடை, ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறை என்று பலருடைய வரவு செலவு என் மேசைக்கு வருகிறது. மூடிய கடைகளின் கடைசி வருடக் கணக்கையும் நான்தான் முடித்துக் கொடுத்திருக்கிறேன். வாடகை ஒரேயடியாக ஏறி மூடிய கடை உண்டு. கந்து வட்டியில் மாட்டி மூடிய கடை உண்டு. அண்ணன் தம்பி பாகத் தகராறில் நல்லா ஓடிய கடையை இழுத்துச் சாத்தியதும் உண்டு. தீபாவளிக்குச் சரக்கை மலைபோல வாங்கிப் போட்டு, அது நகராமல், கொடுத்த காசோலை திரும்பி மூடியது உண்டு. ஆட்களுக்குச் சட்டப்படி சம்பளம் கொடுத்ததால் மூடிய கடை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

"சட்டப்படி எவன் கொடுத்தான், மூடுறதுக்கு?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. பெரும்பாலானவர்கள் கொடுப்பதில்லைதான். ஆனால் கொடுக்கிற சிலரின் புத்தகமும் என்னிடம் இருக்கிறது. அந்தக் கடைகளில் ஆள் நிற்கிறது. வருடா வருடம் புது ஆள் பிடித்து, அவருக்கு ரகமும் விலையும் சொல்லிக் கொடுத்து, பழகியதும் அவர் பக்கத்துக் கடைக்கு ஐநூறு ரூபாய் கூடுதலுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை அவர்களுக்கு இல்லை.

இந்தக் கூலியை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்பதே பலருக்குத் தெரியாது. 1957இல் டெல்லியில் நடந்த 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் அரசு, முதலாளி, தொழிலாளி மூன்று தரப்பும் உட்கார்ந்து ஒப்புக்கொண்ட கணக்கு அது. ஒருவர் சம்பாத்தியத்தில் ஒரு குடும்பம் பிழைக்க வேண்டும். கணவன் 1, மனைவி 0.8, இரண்டு பிள்ளைகள் ஆளுக்கு 0.6, ஆக மூன்று அலகு. (விடிகாலையில் எழுந்து சமைத்து வைத்துவிட்டுக் கடைக்கு ஓடும் பெண்ணுக்கு 0.8 போட்டதில் எனக்கு இன்றுவரை சம்மதம் கிடையாது.) அலகுக்கு நாளைக்கு 2,700 கலோரி சாப்பாடு. குடும்பத்துக்கு வருடத்துக்கு 72 கஜம் துணி. வீட்டு வாடகை. விறகு, விளக்கு, சில்லறைச் செலவுக்கு மொத்தக் கூலியில் 20 சதவீதம். 1991இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், பண்டிகை, முதுமை, கல்யாணம் இவற்றுக்காக இன்னொரு 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது.

இதில் ஆடம்பரம் என்று எதையாவது காட்டுங்கள் பார்க்கலாம். செல்போன் ரீசார்ஜ் இதில் இல்லை. சொந்தபந்தத்தில் ஒரு காதுகுத்து, ஒரு சடங்கு என்றால் செய்ய வேண்டிய செய்முறைக்கு இதில் தனி ஒதுக்கீடு கிடையாது. நம் பக்கத்தில் செய்முறை செய்யாமல் தெருவில் தலைகாட்ட முடியுமா?

இப்போது எண்களுக்கு வருகிறேன். 2017இல் மத்திய அரசு தேசிய அளவில் அறிவித்த அடிமட்டக் கூலி நாளுக்கு 176 ரூபாய். அப்போது அதற்குச் சட்டப் பலம்கூட இருக்கவில்லை, வெறும் வழிகாட்டல். 2019இல் மத்திய அரசே அமைத்த நிபுணர் குழு 375 ரூபாயாவது வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது. அதை ஏற்கவில்லை. 176 பல வருடம் அப்படியே நின்றது. மாதம் 26 நாள் வேலை என்றால் 4,576 ரூபாய். அதே சமயம் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26இல் நாளுக்கு 336 ரூபாய் என்று அதே மத்திய அரசுதான் நிர்ணயித்தது. கண்மாய்க் கரையில் மண் வெட்டுவதற்கு ஒரு கணக்கு, கடையிலும் பட்டறையிலும் நாள் முழுக்க உழைப்பதற்கு அதில் பாதிதான் அடிமட்டம் என்று இன்னொரு கணக்கு. எந்த ஐந்தொகையிலும் இது நேராகாது.

தமிழ்நாட்டில் நிலைமை இதைவிட மேல், அதை மறுக்கவில்லை. ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனியாக அடிப்படைக் கூலி, அதன்மேல் விலைவாசிக் குறியீட்டை வைத்து ஏப்ரல் 1 தோறும் மாறும் பஞ்சப்படி என்று ஒழுங்கான ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அந்த அறிவிப்பு காரைக்குடியில் எந்தக் கடைச் சுவரில் இருக்கிறது? ஜவுளிக் கடையில் துணி விரித்துக் காட்டும் பெண் மாதம் எட்டாயிரம், ஒன்பதாயிரம் வாங்குகிறார். காலை ஒன்பதரைக்கு வந்தால் இரவு ஒன்பதரை. 336 ரூபாயை 26 நாளுக்குப் பெருக்குங்கள், 8,736. எட்டு மணி நேரத்துக்கும் மேல் நின்று, முதலாளியிடமும் வாடிக்கையாளரிடமும் பேச்சு வாங்கி, அவருக்குக் கிடைப்பது நூறு நாள் வேலைக் கூலி அளவுதான். அவர் உட்காருவதற்கே 2021இல் சட்டமன்றத்தில் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. நாற்காலி போட்டிருக்கிறார்கள், சரி. உட்கார்ந்தால் மேலாளர் பார்க்கிற பார்வைக்குத் திருத்தம் வரவில்லை.

பெரிய வீடுகளைப் பார்த்துக்கொள்பவர்களின் நிலைமை இதைவிட மோசம். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீடு. சொந்தக்காரர்கள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருப்பார்கள். கூட்டித் துடைத்து, வெள்ளிக்கிழமை விளக்கேற்றி, மழைக்கு ஒழுகும் ஓட்டைப் பார்த்துத் தகவல் சொல்லி, ராத்திரி காவலுக்கும் படுத்துக்கொள்வது வயதான புருஷன் பெண்டாட்டி. தங்க ஓர் அறை, கையில் சில ஆயிரம், பொங்கலுக்கு வேட்டி சேலை. வீட்டு வேலைக்கு மணிக்கு 37 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று 2018இலேயே தமிழக அரசு அறிவித்தது. அந்த 37 ரூபாயை இவர்களுடைய மணிக்கணக்கில் பெருக்கிப் பார்க்க அந்த வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை. கோடி ரூபாய்க்குத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் உள்ள வீட்டில், அதைக் காப்பாற்றுகிறவரின் கூலிக்கு மட்டும் கை சுருங்குவது எனக்குத் தாங்கவில்லை.

எதிர்த் தரப்பில் நியாயமுள்ள ஒரு வாதம் உண்டு, அதைத் தாண்டிப் போக எனக்கு விருப்பமில்லை. ஆத்தங்குடிக் கல் பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிமேல் அச்சுச் சட்டத்தை வைத்து, சாயம் கலந்த சிமென்டைக் கையால் ஊற்றி, மேலே சிமென்டும் மணலும் போட்டுத் தட்டி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, காயவைத்து எடுக்கிறார்கள். சூளை கிடையாது, பெரிய இயந்திரம் கிடையாது. செலவில் பெரும் பங்கு கைக்கூலி. எதிரே நிற்பது குஜராத் மோர்பியிலிருந்து லாரி லாரியாக வந்து இறங்கும் இயந்திர டைல்ஸ். கூலி ஏறினால் கல்லின் விலை ஏறும், அது நிஜம். ஜவுளிக் கடைக்குச் சொல்கிற பதிலை இந்தப் பட்டறைக்காரரிடம் அப்படியே சொல்ல முடியாது.

ஆனால் அவரிடமே கேட்டால் அவருடைய பெரிய கவலை கூலி இல்லை. "புதுசா எவனும் கத்துக்க வரமாட்டேங்கிறான்" என்பதுதான். எப்படி வருவான்? கொத்தனாருக்குச் சித்தாளாகப் போனால் அதைவிடக் கூடக் கிடைக்கிறது. காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே கொண்டாடினோம். பனையோலைக் கொட்டான் பின்னலுக்கும் அந்தப் பெருமை உண்டு. தறியில் உட்கார்ந்தவரின் கூலிக்கு அந்தச் சான்றிதழ் என்ன செய்தது? ஆத்தங்குடிக் கல்லை வாங்குகிறவர் விலை மலிவு என்று வாங்கவில்லை, இந்தக் கை வேலை வேறெங்கும் கிடையாது என்று வாங்குகிறார். அவரிடம் இரண்டு ரூபாய் கூடக் கேட்கலாம். கேட்க விடாமல் தடுப்பது மோர்பி இல்லை, பக்கத்துப் பட்டறை. நான் கூலியையும் விலையையும் ஏற்றினால் அவர் ஏற்றாமல் என் ஆர்டரை அள்ளிக்கொண்டு போய்விடுவார் என்ற பயம்.

நான் வற்புறுத்துவது இந்த இடத்தைத்தான். எல்லோருக்கும் பொதுவாக ஒரு தரை போட்டு, அதற்குக் கீழே யாரும் இறங்க முடியாது என்று நிஜமாகவே அமல்படுத்தினால், முதலில் மூச்சு விடுகிறவர் நியாயமாகக் கொடுக்க நினைக்கும் முதலாளி. இன்று அவருக்கு நல்லவராக இருப்பதற்கே தண்டனை. கூலியைக் குறைத்து விலையைக் குறைப்பவர் ஜெயிக்கிறார். அடுத்த கட்டமாக, வடக்கே இருந்து வரும் பையன்களை இன்னும் குறைவாகக் கொடுத்து வைத்துக்கொள்கிறார்கள், அப்புறம் நம் ஆள் அந்தப் பையனைத் திட்டுகிறார். சட்டத்தில் பீகார்க் கூலி, காரைக்குடிக் கூலி என்று இரண்டு கிடையாது. இருவருக்கும் ஒரே கூலி என்றால் அந்தச் சண்டைக்கே இடமில்லை.

வெளியூர் உதாரணம் வேண்டுமென்றால் அமெரிக்காவுக்கு முன்னால் மலேசியாவைப் பாருங்கள். நம் பக்கத்துப் பையன்கள் எத்தனையோ பேர் அங்கே உணவகங்களில் அடுப்படியில் நிற்கிறார்கள். 2013இல் மேற்கு மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 900 ரிங்கிட். 2022இல் 1,500. 2025இல் 1,700. அங்கே போன நம் ஆளுக்கும் சட்டப்படி அதே சம்பளம்தான், வீட்டு வேலைக்காரர்களுக்குத்தான் இன்னும் இல்லை. ஒவ்வொரு முறையும் அங்கேயும் முதலாளிகள் அலறினார்கள். கோலாலம்பூரில் இன்றைக்கும் இலையில் சோறு விழுகிறது. அமெரிக்காவில் 1992இல் நியூஜெர்சி மாநிலம் மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக உயர்த்தியது. பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் பக்கத்துப் பென்சில்வேனியாவோடு துரித உணவுக் கடைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வேலை குறையவில்லை என்பது அவர்களுக்குக் கிடைத்த முடிவு. கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த முடிவை மறுத்து எழுதிய பொருளாதார அறிஞர்களும் உண்டு. ஒரே நாளில் இரண்டு மடங்காக்கினால் வேலை போகும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். நாம் பேசுவது அதையா? 176ஐ நியாயமான இடத்துக்குக் கொண்டுவருவதைப் பேசுகிறோம்.

இதில் அரசியல்வாதிகள்மேல் எனக்குக் கோபம் உண்டு. 2024 தேர்தலில் நாளுக்கு 400 ரூபாய் என்று காங்கிரஸ் அறிக்கையில் எழுதியது. நம் தொகுதியிலேயே அந்தக் கட்சிதான் ஜெயித்தது. பிரச்சாரத்தில் இந்த 400ஐப் பற்றி எத்தனை தெருவில் பேசினார்கள்? மத்தியத் தொழிற்சங்கங்கள் மாதம் 26,000 கேட்கின்றன. அந்த எண்ணை நம் ஊர்க் கடையில் சொன்னால் சிரிக்கிறார்கள், சங்கத்துக்காரர்களும் இந்தக் கடைகளுக்குள் வந்து விளக்குவதில்லை. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி விடும் மசோதாவை மாநில அரசு நிறைவேற்றியது. கூட்டணிக் கட்சிகளும் சங்கங்களும் சத்தம் போட்டதும், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். சத்தம் போட்டால் நடக்கிறது.

மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய், கட்டணமில்லாப் பேருந்து, ரேஷன் அரிசி எல்லாம் வேண்டும், நான் எதிரி இல்லை. ஆனால் முழுநேரம் வேலை பார்க்கும் ஒரு பெண் இவை இல்லாமல் மாதத்தை ஓட்ட முடியவில்லை என்றால், முதலாளி கொடுக்காமல் விட்ட கூலியை அரசுக் கஜானா கொடுக்கிறது என்றுதான் என் கணக்குப் புத்தியில் படுகிறது. கடைக்காரர்களுக்கு எவ்வளவு பெரிய மானியம் இது! இதை யாரும் இலவசம் என்று சொல்வதில்லை.

எண்ணை உயர்த்தினால் மட்டும் போதாது என்பதும் எனக்குத் தெரியும். பதிவேட்டில் சட்டப்படிச் சம்பளம், கையில் அதைவிடக் குறைவு என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். வங்கியில் முழுத் தொகையைப் போட்டுவிட்டு, மீதியை ரொக்கமாகத் திருப்பித் தரச் சொல்லும் இடம் உண்டு. ஏடிஎம் அட்டையையே வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்ட ஒரு முதலாளியின் கணக்கை நான் விட்டுவிட்டு வந்தேன். 1982இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது, அரசியல் சாசனத்தின் 23ஆவது பிரிவு தடை செய்த கட்டாய உழைப்பு. பசிதான் அங்கே சாட்டை.

2025 நவம்பர் 21 முதல் புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. மத்திய அரசு அதன் கீழ் நிர்ணயிக்கும் அடிமட்ட ஊதியத்துக்குக் கீழே எந்த மாநிலமும் போக முடியாது. ஆகவே அந்த எண் 1957 கணக்கின்படி, இன்றைய விலையில் வர வேண்டும் என்று நம் எம்.பி.யிடமும் எம்.எல்.ஏ.யிடமும் கேட்க வேண்டிய நேரம் இது. குறைத்துக் கொடுத்த கூலியைக் கேட்க முன்பு ஆறு மாதம்தான் அவகாசம், இப்போது மூன்று வருடம். சரியாகக் கொடுத்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளி மேல்தான். கடையில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு வரும் நேரம், போகும் நேரம், கையில் வாங்கிய தொகை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தொழிலுக்கான கூலி விவரத்தைக் கடையில் எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டி வைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதை ஒட்டுங்கள். இன்று கொடுப்பதற்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி, விற்பனையில் அது எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டுமா? பேரேட்டோடு வாருங்கள், சேர்ந்தே போட்டுப் பார்ப்போம். இதற்கு நான் கட்டணம் வாங்கமாட்டேன்.