காசு தருகிறேன், பாட்டைக் கொடுங்கள்

"போனிலேயே எல்லாம் இருக்கிறதே, இது எதற்கு?" பாட்டு கேட்பதற்கென்றே தனியாக ஒரு பிளேயரைச் சட்டைப்பையில் வைத்திருக்கிற எவரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. அலுவலகத்தில் கேட்கிறார்கள். ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்கிறார். அக்கா மகன், "மாமா, உங்கள் போன் ரிப்பேரா?" என்று உண்மையான கவலையோடு விசாரிக்கிறான். கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களை இப்படிக் கேட்க வைத்தவர்கள் மேல்தான் கோபம். போன் தயாரிப்பவர்கள், செயலி நடத்துபவர்கள், பாட்டின் உரிமையைக் கையில் வைத்திருப்பவர்கள் என்று மூன்று தரப்பும் சேர்ந்து, பிடித்த பாட்டை விலை கொடுத்து வாங்கி வைத்துக் கேட்கலாம் என்று நினைப்பவனைப் பிடிவாதக்காரனாக ஆக்கிவிட்டார்கள்.

முதலில் போனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கச்சேரிப் பதிவு ஒன்றில் தோடி ஆலாபனை மெல்ல மேலேறிக்கொண்டிருக்கும். அந்த இடம் பார்த்து ஒலி தானாகத் தாழும், 'டிங்' என்று ஒரு சத்தம் வரும், ஏதோ ஒரு கடை தள்ளுபடி அறிவித்திருக்கும். அது முடிவதற்குள் தனிநபர் கடன் வேண்டுமா என்று ஓர் அழைப்பு. பாடகர் அரை மணி நேரம் கட்டி எழுப்பியது அங்கேயே போயிற்று. அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள் என்று யோசனை சொல்கிறார்கள். அணைத்தேன். அடுத்த அப்டேட்டில் பாதி திரும்ப வந்துவிட்டன.

நிற்க இடமில்லாத பஸ்ஸில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும்போது அடுத்த பாட்டுக்குப் போக வேண்டுமானால், போனை வெளியே எடுத்து, பூட்டைத் திறந்து, திரையைப் பார்த்துத் தொட வேண்டும். காதில் செருகியிருக்கும் புளூடூத் இயர்போனைத் தட்டினாலே மாறும் என்பார்கள். தலைமுடியை ஒதுக்கினாலும் மாறுகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. என் பிளேயரில் பொத்தான்கள் இருக்கின்றன. பைக்குள் கையை விட்டு, விரலால் தடவிப் பார்த்தே அழுத்திவிடலாம். 1979 ஜூலை 1 அன்று சோனி ஜப்பானில் முதல் வாக்மேனை விற்கத் தொடங்கியபோதே இருந்த வசதி இது. அதைப் பிடுங்கிக்கொண்டுதான் முன்னேற்றம் என்கிறார்கள்.

அப்புறம் அந்த இயர்போன் ஜாக். 2016 செப்டம்பரில் ஐபோன் 7-ஐ அறிமுகம் செய்தபோது, 3.5 மில்லிமீட்டர் ஜாக்கை நீக்கியதற்கு ஆப்பிள் மேடையில் சொன்ன காரணம் 'துணிச்சல்'. அதே மேடையில், அதே நாளில், கம்பியில்லாத ஏர்பாட்ஸ் இயர்போனையும் அறிவித்தார்கள். ஒரு பொருளைப் பிடுங்கிக்கொண்டு அதற்கு மாற்றாக இன்னொன்றை அங்கேயே விற்பதற்குத் துணிச்சல் என்று பெயர் வைக்க எப்படி மனம் வந்தது? மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். சாம்சங் 2019-ல் கேலக்ஸி நோட் 10-இல் ஜாக்கை எடுத்தது. 2021-ல் எஸ்21 வரிசையில் மெமரி கார்டு போடும் இடத்தையும் எடுத்தது. பத்தாண்டு உழைக்கும் கம்பி இயர்போனை வைத்திருந்தவனை, குட்டி பேட்டரி தளர்ந்ததும் தூக்கிப்போட வேண்டிய பொருளை வாங்கவைத்தார்கள். ஏற்கெனவே சுருக்கப்பட்ட எம்பி3 கோப்பை புளூடூத் இன்னொரு முறை சுருக்கித்தான் காதுக்கு அனுப்புகிறது என்பதையும் பெட்டியின் மேல் யாரும் அச்சிடுவதில்லை.

சரி, தனிப் பிளேயர் வாங்கலாம் என்று கடைக்குப் போனால், "சார், இதையெல்லாம் இப்போது யார் வாங்குகிறார்கள்?" என்கிறார்கள். 2001-ல் பிறந்த ஐபாட் என்ற பாட்டுப் பிளேயரின் கடைசி வாரிசையும் 2022 மே 10 அன்று ஆப்பிள் கைகழுவிவிட்டது. இப்போது சந்தையில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, நல்ல போனின் விலைக்கோ அதற்கு மேலோ விற்கும் பிளேயர். ஒலி அருமைதான். ஆனால் உள்ளே ஆண்ட்ராய்டை ஏற்றி, வைஃபை வைத்து, செயலிகளை நிரப்பி, தினமும் சார்ஜ் கேட்கும் இன்னொரு போனாகவே அதைச் செய்துவிட்டார்கள். எதிலிருந்து விலகி வந்தேனோ அதையே பெரிய விலைக்கு விற்கிறார்கள். அதிலும் பழுது வந்தால் போச்சு. நான் கொண்டுபோன இடத்தில், இங்கே உதிரிபாகம் கிடையாது, தயாரித்த நாட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும், செலவு உங்களுடையது என்றார்கள்.

இன்னொன்று மலிவு வகை. பெரிய மெமரி கார்டைப் போட்டால் கார்டே இல்லை என்று அடம்பிடிக்கும். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள், கோப்புகளை அடுக்கிவைக்கும் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் வருகின்றன. இந்த மலிவுப் பிளேயர்களுக்குப் பழைய ஃபேட்32 முறையை மட்டும்தான் படிக்கத் தெரியும். பாட்டுகளை வரிசை எண் போட்டு வைத்தாலும் எண்ணை மதிக்காது. எந்தக் கோப்பு கார்டில் முதலில் ஏறியதோ அதையே முதலில் பாடும். ஒரு கச்சேரியில் தொடக்கத்து வர்ணத்துக்கு முன்பே முடிவில் வர வேண்டிய மங்களம் ஒலித்தால் கேட்கிறவனுக்கு எப்படி இருக்கும்? வாங்க ஆளில்லை என்று சொல்பவர்கள் சரிகமா இசை நிறுவனம் 2017-ல் கொண்டுவந்த கார்வானைப் பார்க்கட்டும். பழைய பாட்டுகளை உள்ளேயே ஏற்றி, திருகினால் பாடும்படி விற்ற பெட்டி அது. தமிழ்ப் பாட்டுகளோடும் வந்தது. பல வீடுகளில் இன்றும் பாடிக்கொண்டிருக்கிறது. தொடுதிரையும் கடவுச்சொல்லும் இல்லாமல் பாட்டு மட்டும் பாடும் பொருளுக்கு ஆளில்லை என்று இதற்குமேல் யாரும் சொல்ல வேண்டாம்.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது ஒன்று இருக்கிறது. பிளேயரை வாங்கியாயிற்று, கார்டு போட்டாயிற்று. பாட்டை எங்கே வாங்குவது?

உண்மையாகவே கேட்கிறேன். ஒரு தமிழ்ப் பாட்டை, காசு கொடுத்து, என் கார்டில் போட்டுக்கொள்ளக்கூடிய கோப்பாக வாங்க இந்த நாட்டில் எனக்கு எத்தனை கடைகள் இருக்கின்றன? ஃபிளிப்கார்ட் 2012-ல் 'ஃபிளைட்' என்ற பெயரில் எம்பி3 கடை திறந்தது. தனிப் பாட்டாக, எந்தக் கருவியிலும் பாடும் பூட்டில்லாத கோப்பாக, குறைந்த விலைக்கு விற்றார்கள். 2013 ஜூனில் மூடிவிட்டார்கள். 2012 இறுதியில் ஆப்பிளின் பாட்டுக் கடையான ஐடியூன்ஸ் ஸ்டோர் இந்தியாவுக்கு வந்தது. அதுவும் பூட்டில்லாத கோப்பைத் தந்தது, அதற்கு நன்றி. ஆனால் ஒலி இழப்பில்லாத ஃபிளாக் கோப்பாகத் தமிழ்த் திரைப்பாட்டைத் தேடிப் பாருங்கள், கை வெறுமையாகத்தான் திரும்பும். சி.டி. இருந்தவரை அதை வாங்கி நாமே கோப்பாக்கிக்கொள்ளலாம். புதுப் படத்தின் பாட்டு சி.டி.யாக வருவது அருகிவிட்டது. கேசட் காலத்தில் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. துண்டுச் சீட்டில் பாட்டின் பெயரை எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் பதிவுசெய்து கொடுப்பார்கள். அது சட்டப்படி சரியில்லை என்பது வேறு விஷயம். கேட்டது கையில் கிடைத்தது. கிடைத்தது நம்மிடமே இருந்தது.

"மாதச் சந்தா கட்டினால் கோடிப் பாட்டு கேட்கலாமே" என்பார்கள். எத்தனை நாளைக்கு? சந்தா என்பது வாடகை வீடு. இந்த வீட்டில் உரிமையாளர் தன் சாவியால் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வந்து பொருளைத் தூக்கிக்கொண்டு போகலாம். ஸ்பாடிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. சில மாதங்களுக்குள் சரிகமாவோடு வழக்கு வந்து, அந்நிறுவனத்தின் பாட்டுகள் அதிலிருந்து நீக்கப்பட்டன. 2020 ஜூனில்தான் திரும்பின. சரிகமா என்பது பழைய எச்.எம்.வி. என்பதை நினைவில் வையுங்கள். தமிழின் பொற்காலப் பாட்டுகளில் எவ்வளவு பெரிய பங்கு அது! ரெஸ்ஸோ என்ற பாட்டுச் செயலி 2024 ஜனவரியோடு இந்தியாவில் கடையைக் கட்டியது. அதே ஆண்டு தன் பாட்டுச் செயலியான விங்க் மியூசிக்கை மூடப்போவதாக ஏர்டெல் அறிவித்தது. அவற்றில் ஆண்டுக்கணக்கில் பொறுக்கிச் சேர்த்த பட்டியல்களைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? 'டவுன்லோடு' என்று ஒரு பொத்தானையும் வைக்கிறார்கள். அது இறக்கித் தருவது பூட்டிய கோப்பு. அந்தச் செயலிக்கு வெளியே அது ஒலிக்காது, என் பிளேயரில் ஏறாது. ஸ்பாடிஃபையில் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் தலைகாட்டாவிட்டால் இறக்கி வைத்ததும் போய்விடும். காசு கட்டியவன் மாதாமாதம் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டுமா?

நேர்மையாகக் காசு கொடுக்க வருகிறவனுக்குக் கதவு சாத்தியிருக்கிறது. திருட்டுத் தளத்திலோ அதே பாட்டு ஒரே நிமிடத்தில், இலவசமாக, எந்தப் பிளேயரிலும் ஏறும் கோப்பாகக் கிடைக்கிறது. திருட்டு ஒழிய வேண்டும் என்று மேடையில் முழங்குகிறவர்கள் முதலில் விற்பனையைத் திறக்கட்டும்.

அந்தத் திருட்டுக் கோப்புகளின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்று தமிழ்ப் பாட்டு என்று ஊரெல்லாம் சுற்றுவது பெரும்பாலும் அவைதான். பாட்டின் பெயருக்குப் பின்னால் ஒரு டாட் காம். படத்தின் பெயருக்குப் பின்னால் அதே டாட் காம். முகப்புப் படம் இருக்க வேண்டிய இடத்தில் அந்தத் தளத்தின் விளம்பரம். இளையராஜாவின் பெயரை ரோமன் எழுத்தில் ஒருவர் ஒற்றை எல், இன்னொருவர் இரட்டை எல், வேறொருவர் ஈற்றில் இரட்டை ஏ என்று இஷ்டத்துக்கு எழுதிவைக்க, என் பிளேயர் ஒரே மனிதரை நான்கைந்து பேராகப் பிரித்து அடுக்குகிறது. கோப்பின் விவரத்தில் 'ஆர்ட்டிஸ்ட்' என்று இருக்கும் கட்டத்தில் பாடியவர்களை எல்லாம் திணித்துவிடுகிறார்கள். ஆறு பாட்டு உள்ள படம் ஆறு பேரின் கீழ் சிதறிக் கிடக்கிறது. நம் ஊரில் பாட்டைத் தேடுவது இசையமைப்பாளரை வைத்து, கவிஞரை வைத்து, படத்தை வைத்து. கண்ணதாசன் எழுதியவை மட்டும் வேண்டும் என்றால் எந்தப் பிளேயரில், எந்தச் செயலியில் ஒழுங்காகக் கிடைக்கிறது?

இதற்கு வழியே இல்லை என்றால் பேசாமல் இருந்துவிடுவேன். வழி இருக்கிறது! 1996-ல் எம்பி3 கோப்பின் வாலில் விவரம் எழுத ஐடி3 என்ற முறை வந்தபோது மொத்தம் 128 பைட்டுகள்தான் இடம். பாட்டின் பெயருக்கு 30. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வோர் எழுத்தும், மேலே வைக்கும் புள்ளியும், முன்னால் போடும் கொம்பும் தனித்தனியாக 3 பைட் பிடிக்கும். பத்துக் குறிகளுக்கு மேல் தாங்காது. ஒரு பல்லவியின் முதல் வரிகூட நுழையாது. அதிலிருந்த 80 இசை வகைகளில் போல்கா என்ற ஐரோப்பிய நடன இசைக்கு இடம் இருந்தது, கர்நாடக இசைக்கு இல்லை. ஆனால் அது பழைய கதை. அடுத்து வந்த ஐடி3 இரண்டாம் பதிப்பில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோட் உண்டு, நீளத்துக்குத் தட்டுப்பாடில்லை, இசையமைப்பாளருக்குத் தனிக் கட்டம், பாடலாசிரியருக்குத் தனிக் கட்டம். எல்லாம் தயாராக, காலியாகக் கிடக்கின்றன. உரிமை வைத்திருக்கும் நிறுவனங்கள் அவற்றைத் தமிழில் நிரப்புவதில்லை. பாட்டை எழுதிய கவிஞன் பெயர் கோப்பில் இல்லாமல் போவதைப் பற்றி அவர்களுக்கு வெட்கமே இல்லை.

நிரப்பினால் மட்டும் போதாது, பிளேயருக்கு அதைக் காட்டத் தெரிய வேண்டும். நானே ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தமிழில் திருத்தி எழுதினேன். மலிவுப் பிளேயர் எழுத்துக்குப் பதில் வரிசையாக வெற்றுச் சதுரங்களைக் காட்டியது. இன்னொன்று எழுத்தைக் காட்டியது, ஆனால் கொம்பை எழுத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டது. 'கெ' என்பதைக் 'க'வும் அதன் பின்னால் ஒரு தனிக் கொம்புமாக வாசிக்க வேண்டும். யூனிகோடின் முதல் பதிப்பு 1991-ல் வந்தபோதே அதில் தமிழ் இருந்தது. இத்தனை ஆண்டுகளில் ஒரு கொம்பை எடுத்து இடப்பக்கம் வைக்கத் தெரியாத கருவியை எந்த முகத்தோடு இங்கே கொண்டுவந்து விற்கிறார்கள்?

கச்சேரி கேட்பவர்களுக்கு இன்னொரு கொடுமை. எம்பி3 ஒலியை 1152 சாம்பிள், அதாவது ஒலியை அளந்தெடுத்த புள்ளிகள், கொண்ட துண்டுகளாக நறுக்குகிறது. பாட்டின் முதலிலும் கடைசித் துண்டிலும் மௌனத்தைச் சேர்த்து நிரப்புகிறது. அதை வெட்டி ஒட்டத் தெரியாத பிளேயரில், ராகம் முடிந்து தானம் தொடங்கும் இடத்தில் ஒலி விக்கும். தம்புரா கச்சேரி முழுக்க அறுபடாமல் ஓடும் இழை. அது கண நேரம் அறுந்தாலும் காது திடுக்கிடும். இதைச் சரிசெய்யும் முறை பல ஆண்டுகளாக இருக்கிறது. விலையுயர்ந்த கருவிகளில் இருக்கிறது. மலிவானவற்றில் வைக்க மனமில்லை.

எச்.எம்.வி.யும் கொலம்பியாவும் விற்ற 78 சுழல் இசைத்தட்டுகளை எடுத்துப் பாருங்கள். நடுவில் ஒட்டிய வட்டத் தாளில் பாடியவர் பெயர், பாட்டின் முதல் வரி, பலவற்றில் ராகமும் தாளமும் அச்சாகியிருக்கும், தமிழிலேயே அச்சிட்ட தட்டுகளும் உண்டு. கணினி இல்லாத காலத்தில், உள்ளங்கையளவு தாளில் செய்தார்கள். அதே பாட்டுகளின் உரிமையை வைத்துக்கொண்டு இன்றைக்கும் வருமானம் பார்க்கிறவர்கள், அந்தத் தாளில் இருந்ததை அப்படியே கோப்பில் ஏற்றி, பூட்டுப் போடாமல், ஃபிளாக்காக ஒன்றும் எம்பி3-ஆக ஒன்றும் விற்கட்டும். விலையை அவர்களே வைக்கட்டும். சந்தாவையும் நிறுத்த வேண்டாம், வேண்டுகிறவர்கள் கட்டட்டும். எனக்கு வேண்டியது ரசீதும் கோப்பும்.