‘பீட்டல் நட்’ வெற்றிலையின் காய் அல்ல

உங்கள் கட்டுரையில் ‘பீட்டல் நட்’ (betel nut) என்ற ஆங்கிலச் சொல்லை வெற்றிலைக் கொட்டை என்று பெயர்த்திருக்கிறீர்கள். தயவுசெய்து திருத்துங்கள், அது பாக்கு. வெற்றிலை மிளகின் இனக் கொடி, பாக்கோ கமுகு என்னும் பனைக் குடும்ப மரத்தின் விதை. வெட்டினால் வெள்ளையும் பழுப்பும் வரிவரியாக ஓடும். இரண்டையும் சேர்த்தே மெல்வதைப் பார்த்த ஐரோப்பியர் இலையின் பெயரைக் கொட்டைக்கும் ஒட்டிவிட்டார்கள்.

‘பீட்டல்’ மலையாள வெற்றிலயிலிருந்து போர்ச்சுகீசியர் வழியே போனது. தமிழில் வெறு + இலை, வெற்றிலை. பாக்கின் இன்னொரு ஆங்கிலப் பெயரான ‘அரிக்கா’வும் அப்படித்தான்: மலையாளத்தில் அடய்க்க, நம்மிடம் அடைக்காய். ‘அடைக்காய் வெற்றிலை’ என்ற பழைய வழக்கில் இரண்டும் தனித்தனியே நிற்பதைக் கவனியுங்கள்.

கமுகின் அறிவியல் பெயரான அரிக்கா கட்டேச்சுவிலும் சிக்கல் உண்டு. கட்டேச்சு என்றால் காசுக்கட்டி. வேறொரு மரமான கருங்காலியின் (அக்கேசியா கட்டேச்சு) வயிரத்தைச் சீவி, கொதிக்கவைத்து, சுண்டவைத்து எடுப்பது. தாம்பூலத்தில் கூடவே வருவதால் இந்தப் பெயர்களை எளிதில் குழப்பிக்கொள்கிறோம். மொழிபெயர்ப்பவர்கள் ‘பீட்டல்’ தனியாக வந்தால் வெற்றிலை, ‘நட்’ சேர்ந்தால் பாக்கு என்று எழுதுங்கள்.